நாட்குறிப்பு எழுத எந்த ஜெல் பேனா ஏற்றது?

காட்பாடி வாசகி:
பல ஆண்டுகளாகப் பால்பாயிண்ட் பேனாவில்தான் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். அழுத்தி எழுதிக் கட்டைவிரல் வலி கண்டதால், சென்ற வாரம் வேலூர் லாங்கு பஜாரில் முனை 0.5, 0.7, 1.0 மி.மீ. என மூன்று அளவுகளில் ஜெல் பேனாக்கள் வாங்கி வந்தேன். கை வலி குறைந்துவிட்டது. ஆனால் 1.0 பேனாவில் ‘கண்ணன்’ என்று எழுதினால் மூன்று சுழி ‘ண’வின் சுழிகள் மையால் அடைபட்டுவிடுகின்றன, பக்கத்தைத் திருப்பினால் எதிர்ப்பக்கத்திலும் மை ஈஷியிருக்கிறது. என் மகள் பிற்காலத்தில் படிக்க வேண்டும் என்று எழுதும் குறிப்புகள் இவை என்பதால், நிலைத்து நிற்கும் மை எது என்றும் அறிய விரும்புகிறேன்.

ராணிப்பேட்டை தமிழாசிரியர்:
அம்மா, முனையின் அளவை நம் எழுத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். ஆங்கில எழுத்துக்கு 0.7 அழகாக இருக்கலாம். சுழியும் வளைவும் மிகுந்த தமிழைச் சிறிதாக எழுதுபவருக்கு 0.5-ஐத் தாண்டினால் சிக்கல்தான். ஜெல் மை நீர் கலந்தது. குழாய்க்குள் கெட்டியாக இருந்து, முனையிலுள்ள குண்டு உருளும்போது இளகி இறங்கி, தாளில் பட்டதும் மீண்டும் கெட்டிப்படும். ஜப்பானின் சகுரா நிறுவனம் 1984-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜெல்லி ரோல் பேனாவிலிருந்தே இந்த முறை பரவியது. அகன்ற முனை அதிக மையை இறக்குவதால், அது உலரவும் கூடுதல் நேரம் ஆகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சொல் முழுவதையும் எழுதி முடித்த பிறகு திரும்பிவந்து மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்போது வலக்கையின் ஓரம் ஈர எழுத்துகளின் மேல் படிகிறது. புள்ளியை அந்தந்த எழுத்தோடு வைத்துப் பழகியதில் என் நோட்டில் பாதிக் கறை குறைந்தது.

மையைப் பொறுத்தவரை, நீரில் கரையும் சாயம் கலந்ததைவிட, கரையாத நுண்துகளான நிறமி கலந்ததே நீருக்கும் வெளிச்சத்துக்கும் தாங்கும். எழுதி ஒரு நாள் கழித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கலங்கிப் பரவினால் அந்தப் பேனாவை மளிகைக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம் நண்பர்:
அழித்து எழுதும் ஜெல் பேனாவை மட்டும் நாட்குறிப்புக்குத் தொடாதீர்கள், சகோதரி. அதன் மை ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்தில் நிறமிழக்கும் தன்மையுடையது. கத்திரி வெயிலில் கோட்டை மைதானத்தருகே நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குக் கீழே நோட்டை விட்டுச் சென்றேன். திரும்பி வந்தபோது திறந்திருந்த இரண்டு பக்கங்களும் வெள்ளையாக இருந்தன. ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தபின் எழுத்து மங்கலாகத் திரும்பியது. தந்தையின் மருத்துவமனை நாள்கள் அந்தப் பக்கங்களில் இருந்தன. அவற்றை வேறு நோட்டில் படியெடுத்து வைத்திருக்கிறேன்.

ஆற்காடு வாசகர்:
தாளையும் பாருங்கள். வழவழப்பான தாளில் மை உள்ளிறங்காமல் மேலேயே நிற்கும். மெல்லிய தாளிலோ பின்பக்கம் தெரியும். 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள) சாதாரணத் தாள் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

காட்பாடி வாசகி:
அனைவருக்கும் நன்றி. நேற்று மூன்று பேனாக்களிலும் ஒரே வரியை எழுதி, இன்று தண்ணீர் விட்டுப் பார்த்தேன். 0.7 நீலம் கரைந்து ஓடியது; 0.5 கறுப்பு அசையவில்லை, ‘ண’வின் மூன்று சுழிகளும் திறந்தே இருக்கின்றன. அதற்கே இரண்டு ரீஃபில் வாங்கிவிட்டேன்.