பாலே பார்க்கப் போய் பாதியில் வெளியே வந்தேன்

அம்மாபேட்டை அம்மாயி:
போன டிசம்பர்ல லண்டன்ல மக வீட்டுல இருந்தப்ப பேத்தியை ‘நட்கிராக்கர்’ பாலேக்குக் கூட்டிட்டுப் போனேன். பாலேன்னா வசனம் இல்லாம ஆட்டத்தாலயே கதை சொல்ற மேல்நாட்டு நடனம். அஞ்சு வயசு. எலிப்படை சண்டை வரைக்கும் வாயே திறக்கல. அப்புறம் சத்தமா, “அம்மாயி, யாருமே ஏன் பேச மாட்டேங்கறாங்க?”ன்னு கேட்டுட்டா. முன் சீட்டு அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாங்க. எனக்கு உடம்பே கூசிப்போச்சு. புள்ளையைத் தூக்கிட்டு இருட்டுல வெளிய வந்துட்டேன். இடைவேளை வரைக்கும் திரும்ப உள்ள விடல. கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தைங்க “ஆ... ஆ”ன்னு பாடுற சத்தம் கேட்டுச்சு. வார்த்தையே இல்ல. பேத்தி கதவுல காதை வெச்சு, “இப்ப பேசறாங்க அம்மாயி”ன்னா. அப்ப மேடையில என்ன நடந்துச்சுன்னு இன்னும் மனசு அடிச்சுக்குது.

ஏற்காடு அப்பா:
மக படிக்கிற ஹாஸ்டல் ஸ்கூல் ஆண்டு விழாவுல ‘ஸ்வான் லேக்’ பாலேல ஒரு துண்டு ஆடினாங்க. கால் நுனியில நின்னு ஆடற ஷூ போட்டது டீச்சர் மட்டும்தான். முதல் வரிசையில இருந்தேன். இசை தணியற இடத்துல டொக், டொக்னு சத்தம். டிவியில இதைக் கேட்டதே இல்ல. ஷூவுல கட்டை வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன். இல்லியாம், துணியும் காகிதமும் பசை போட்டு அடுக்கி இறுக்கினது. முடிஞ்சதும் டீச்சர் கழட்டறாங்க, விரல்ல சுத்தின பிளாஸ்திரி முழுக்க ரத்தம். மேடையில சிரிச்ச முகமா நின்னாங்களே! 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கற வரைக்கும் எனக்குப் பேச்சு வரல.

ஓமலூர்க்காரன்:
அம்மா, கோவிச்சுக்காதீங்க, கதை சொல்லாம கூட்டிட்டுப் போனது தப்புங்க. எங்க ஊர் கூத்துல விடியவிடிய புள்ளைங்க பாயில படுத்திருக்கும், கோமாளி வந்தா எந்திரிச்சு உக்காந்துக்கும். ஏன்னா கதை முன்னாடியே தெரியும். பெங்களூர்ல நான் ஒரு பாலே பார்த்தேன், பையன் தூங்கிட்டான், அவ்வளவுதான். போறவங்க முந்தின நாளே சொல்லிடுங்க: நட்கிராக்கர் ரெண்டு அங்கம். முதல்ல கிறிஸ்துமஸ் விருந்து, ராத்திரி நட்கிராக்கர்ங்கற கொட்டை உடைக்கிற பொம்மைக்கு உசிர் வந்து எலி ராஜாவோட சண்டை. ரெண்டாவது மிட்டாய் நாடு, அங்க கதை குறைவு, ஆட்டம்தான். அப்புறம் அவங்க பேசாம இல்ல, கையால பேசறாங்க. நெஞ்சுல கை வெச்சா காதல். மோதிர விரலைக் காட்டினா கல்யாணம். தலைக்கு மேல ரெண்டு கையையும் சுழட்டினா ‘ஆடலாம் வா’. நம்ம பரதநாட்டிய அபிநயம் மாதிரிதான். வீட்டுல விளையாட்டா பழக்கிடுங்க. நடைபாதை ஓரமா சீட் எடுங்க. தண்ணி கொஞ்சமா குடுங்க.

ஃபேர்லேண்ட்ஸ் அக்கா:
ஓமலூர் தம்பி, புள்ள கேட்டது நல்ல கேள்வி. அதுல தப்பு எங்க இருக்கு? அம்மா, நீங்க விட்டது பனிக் காட்சி, முதல் அங்கத்தோட கடைசி. வெள்ளை உடுப்புல பொண்ணுங்க வட்டம் வட்டமா சுத்துவாங்க, மேலேருந்து காகிதப் பனி கொட்டிக்கிட்டே இருக்கும். மொத்த பாலேலயும் இசையமைச்ச சாய்கோவ்ஸ்கி குரல் சேர்த்தது அங்க மட்டும்தான். நான் பார்த்தன்னிக்கு ஒரு பொண்ணு புருவத்து மேல ஒரு துண்டு தாள் ஒட்டிக்கிச்சு. எத்தனை சுத்து சுத்தியும் விழல, அவ தட்டிவிடவும் இல்ல.

அம்மாபேட்டை அம்மாயி:
நல்லா இரு கண்ணு. ராத்திரி போன்ல பேத்திக்குச் சொல்றேன், அந்தப் புருவத்துத் தாளையும் சேர்த்து.