பாட்டியின் குரலுக்குத் தகுந்தபடி காட்சியை நீட்டுவது எப்படி?

சிப்புட் பேத்தி:
வணக்கம். என் பாட்டி மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனது, மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) துடைத்தது, உளி பிடித்த விதம் என்று அவர் பேசியதையெல்லாம் போனில் பதிவு செய்திருக்கிறேன். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. அதனால் தெரிந்தவர் ஒருவரின் சின்னத் தோட்டத்தில் மரம் சீவுவதைப் படம் எடுத்தேன்.

டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளின் இலவசப் பதிப்பில் தொகுக்கிறேன். “கோட்டுல உளிய வச்சு, ஒரே இழுப்பா இழுக்கணும், மரத்துக்குக் காயம் படக்கூடாது” என்று பாட்டி நிறுத்தி நிறுத்திச் சொல்ல 9 வினாடி ஆகிறது. காட்சியோ 6 வினாடிதான். வேகத்தைக் குறைத்தால் கை திக்கித் திக்கி நகர்கிறது. பாட்டியின் குரலில் கை வைக்க எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

ஈப்போ கல்யாண வீடியோ:
குரலைத் தொடாதீர்கள் தங்கச்சி. அந்த இடைவெளிகளும் அவர் பேச்சுதான்.

திக்குவதற்குக் காரணம் இதுதான். வினாடிக்கு 30 ஃபிரேமில் (தனித்தனிப் படங்களாக) எடுத்திருந்தால் 6 வினாடிக்கு 180 ஃபிரேம். 9 வினாடிக்கு 270 வேண்டும். குறையும் 90-ஐ மென்பொருள் பழைய ஃபிரேமையே திரும்பக் காட்டி நிரப்புகிறது. மென்பொருளின் ‘இன்ஸ்பெக்டர்’ பகுதியில் ‘ரீடைம் பிராசஸ்’ என்பதை ‘ஆப்டிகல் ஃப்ளோ’ ஆக்குங்கள். இடைப்பட்ட ஃபிரேம்களை அதுவே உருவாக்கும், இலவசப் பதிப்பிலும் உண்டு. ஆனால் பட்டைச் சீவல் தெறிக்கும் இடத்திலும் விரல் ஓரத்திலும் படம் நெளியலாம். கவனித்துப் பாருங்கள்.

மறுபடி எடுக்க முடிந்தால் 60 ஃபிரேமில் எடுங்கள். வினாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் (காட்சிகளை அடுக்கும் வரிசையில்) 50 சதவீத வேகத்தில் வைத்தால் 12 வினாடி வரும், ஒரு ஃபிரேம்கூட இரண்டு முறை வராது. தேவையான 9 வினாடியை வெட்டிக்கொள்ளலாம். ஆனால் 60-க்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். விடியற்காலையில் மரங்களுக்கு அடியில் இருட்டாக இருக்குமே, அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பகாவ் தோட்டத்தான்:
தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனாலும் கையை மெதுவாக்க வேண்டாம் அம்மா. நானும் மரம் சீவியவன். அந்த வேகம்தான் கைப்பழக்கம். மெதுவாக்கினால் நேற்று உளி பிடித்தவர் மாதிரி தெரியும். தோட்டத்து ஆட்கள் பார்த்தால் உடனே கண்டுபிடித்து விடுவார்கள்.

கை அசல் வேகத்திலேயே ஓடட்டும். பாட்டி “இழுக்கணும்” என்று சொல்லும் இடத்தில் ‘எம்’ விசையால் குறி வைத்து, உளி இறங்கும் ஃபிரேமை அங்கே பொருத்துங்கள். மிச்ச நேரத்துக்குப் பால் சீவிய கோட்டில் வழிந்து மங்கில் விழுவதைக் காட்டுங்கள். பால் இயல்பிலேயே நிதானமாகத்தான் இறங்கும். அதைக் கொஞ்சம் நீட்டினாலும் கண்ணுக்கு உறுத்தாது.

சிப்புட் பேத்தி:
ரொம்ப நன்றி ஐயா, அண்ணா. பால் வழிவது அதே 6 வினாடிக் காட்சியின் கடைசியிலேயே இருக்கிறது, ஆனால் 2 வினாடிதான். அதை மட்டும் நீட்ட முடியுமா?

ஈப்போ கல்யாண வீடியோ:
முடியும். ‘கண்ட்ரோல் ஆர்’ அழுத்தி, கை விலகும் இடத்தில் ‘ஸ்பீட் பாயிண்ட்’ (வேகம் மாறும் புள்ளி) போடுங்கள். அதற்குப் பிந்திய பகுதிக்கு மட்டும் வேகத்தைக் குறைக்கலாம். கை ஓடும் 4 வினாடி போக, மிச்ச 2 வினாடி 5 ஆக வேண்டும், அதாவது 40 சதவீத வேகம். ஆப்டிகல் ஃப்ளோ இங்கே நன்றாகவே வேலை செய்யும்.

பகாவ் தோட்டத்தான்:
அதற்கு மேலும் வேண்டுமென்றால் பால் வழிவதை மட்டும் நெருக்கத்தில் தனியாக எடுத்து வாருங்கள். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் சீவ மாட்டார்கள். முதல்நாளே கேட்டுக்கொண்டு போங்கள்.