வியெலிச்கா: உப்பிலேயே குடைந்த கோயில்

போன குளிர்காலத்தில் போலந்தின் கிராக்கோவ் போனபோது, பக்கத்திலிருக்கும் வியெலிச்கா உப்புச் சுரங்கத்தில் இறங்கினேன். எனக்குத் தூத்துக்குடி. உப்பு என்றால் அளத்தில் வாரிக் குவித்து ஓலை மூடிய வெள்ளை அம்பாரம்தான் தெரியும். அங்கே அது பச்சையும் சாம்பலும் கலந்த பாறை. விரலில் தேய்த்து நாக்கில் வைத்த பிறகுதான் நம்பினேன்.

101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்கா சிற்றாலயம். உப்பை வெட்டியெடுத்த பொந்தில், 1896-ல் யோசெஃப் மார்கோவ்ஸ்கி என்ற சுரங்கத் தொழிலாளி உளி பிடித்தார். பிறகு அவருடன் பிறந்த தோமாஷ், அவருக்குப் பின் அன்டோனி விரொடெக். 1963 வரை நடந்த வேலை. 54 மீட்டர் நீளம். பீடம், படிக்கட்டு, சிலைகள் எல்லாம் உப்பு. தரையில் ஓடு பதித்திருக்கிறார்கள் என்று நினைத்துக் குனிந்தேன். அதுவும் பாறைதான், கோடு கீறியிருக்கிறார்கள். விரொடெக் செதுக்கிய, இயேசுவின் கடைசி இராவுணவுச் சிற்பத்தில் அறை உள்ளே நீண்டு போவதுபோல் தெரிகிறது. கிட்டே போனால் ஆழம் சில அங்குலம்.

என்னை உலுக்கியது அதைவிடப் பழைய புனித அந்தோணியார் சிற்றாலயம். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குடைந்தது. மேலிருந்து வரும் ஈரக்காற்று பட்டுப்பட்டு அங்கே புனிதர்களின் முகமே கரைந்துவிட்டது. ஒரு மழை வந்தால் அளத்தில் என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். கரையும் என்று அந்தத் தொழிலாளிகளுக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் உப்பில்தான் செதுக்கினார்கள்; மரத்தில் செய்தால் விளக்குத் தீ பிடிக்கும் என்ற பயம்.

——

இதைப் படித்த ஒருவரின் பதில்: அண்ணா, நான் கிங்கா சிற்றாலயத்தில் ஞாயிறு காலைத் திருப்பலிக்கே போயிருக்கிறேன். இன்றும் நடக்கிறது. மேலே தொங்கும் சரவிளக்குகளில் இருப்பவை கண்ணாடி இல்லை, உப்புப் படிகம். கிங்கா ஹங்கேரி இளவரசி. அங்கே ஒரு சுரங்கத்தில் போட்ட மோதிரம் போலந்தில் வெட்டிய முதல் உப்புக்கட்டிக்குள் கிடைத்தது என்று கதை. அதையும் வியெலிச்கா சுரங்கத்திலேயே சிலையாக வைத்திருக்கிறார்கள்: மண்டியிட்ட தொழிலாளி அவளிடம் அந்தக் கட்டியை நீட்டுகிறார்.

கீழே வழிகாட்டி எங்களை "ஷ்செஞ்ச் போஜே" என்று வரவேற்றார். 'கடவுள் துணையிருக்கட்டும்' என்று பொருளாம். சுரங்கக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கம் அதுதான்.