அப்பா போனில் ஆர்சிஎஸ் இருக்கட்டுமா, அணைத்துவிடட்டுமா?

வைகைக்கரை:
அப்பாவுக்குப் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கினோம். பழைய சிம் கீறல் விழுந்து கிடந்ததால் நேற்று மாலை அதே எண்ணுக்கு வேறு சிம்மும் மாற்றியாச்சு. கூகுள் மெசேஜஸில் ஆர்சிஎஸ் சாட்ஸை (எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக டேட்டா வழியாகச் செய்தியும் படமும் அனுப்பும் முறை) ஆன் செய்தால், எண்ணைச் சரிபார்ப்பதாகச் சொல்லிக் காலையிலிருந்து அப்படியே நிற்கிறது.

அப்பா வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் குரூப்பில் விடிந்ததும் தொடங்கும் ஃபார்வர்டுகள் அவருக்கு ஒத்துவரவில்லை. மெசேஜ் பெட்டியை மட்டும் தவறாமல் பார்ப்பார். தங்கை டொரன்டோவில் ஐபோன் வைத்திருக்கிறாள், பேரன் படங்களை அங்கேயே அனுப்பலாமே என்று நினைத்தேன். மைத்துனரோ, "அதை ஆன் பண்ணினால் கடன் விளம்பரமாகக் கொட்டும், அணைத்துப் போடு" என்கிறார். யார் சொல்வது சரி?

மலைக்கோட்டை77:
மைத்துனர் சொல்வதுதான் சரி. சரிபார்ப்பு நிற்கிறதென்றால் நல்லதாகப் போச்சு, அப்படியே விட்டுவிடுங்கள்.

எஸ்எம்எஸ்ஸில் விளம்பரம் அனுப்ப நம் நாட்டில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, அனுப்பும் நிறுவனம் தன் பெயரையும் செய்தியின் மாதிரியையும் டிஎல்டி என்ற பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். இப்போது அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. வேண்டாம் என்றால் 1909 என்ற எண்ணில் சொல்லி நிறுத்தலாம். ஆர்சிஎஸ் டேட்டா வழியாக வருகிறது, அந்த வடிகட்டிக்குள் போவதில்லை. 2022 ஜூனில் சில நிறுவனங்கள் விதியை மீறுகின்றன என்று கூகுளே சொல்லி, இந்தியாவில் ஆர்சிஎஸ் விளம்பரத்தை நிறுத்தி வைத்தது. அப்புறம் மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

பெரியவர்களுக்கு ஓடிபி வருவதும் பென்ஷன் வரவு வருவதும் அந்த ஒரே பெட்டியில்தான். அதற்குள் படமும் பட்டனும் வைத்த கடன் விளம்பரத்தை ஏன் விடவேண்டும்?

சிம்தட்டு:
நான் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். முதலில் கோளாறைச் சரிசெய்வோம், சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

வைகைக்கரை, விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நேற்று மாலை சிம் மாற்றியிருக்கிறீர்கள். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது, வராது. ஒருவர் எண்ணை இன்னொருவர் சிம்மாக வாங்கி ஓடிபி எடுப்பதைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. ஆர்சிஎஸ் இயங்க டேட்டா போதும், ஆனால் எண்ணைச் சரிபார்க்கும்போது போன் பின்னணியில் ஓர் எஸ்எம்எஸ் அனுப்பப் பார்க்கும். அது போகாததால் நிற்கிறது. இன்று மாலை வரை எதையும் தொடாதீர்கள். திரும்பத் திரும்ப ஆன், ஆஃப் செய்வதால் ஒன்றும் வேகமாகாது.

நாளையும் நின்றால் இந்த வரிசையில் பாருங்கள். கூகுள் மெசேஜஸ்தான் இயல்புநிலை மெசேஜ் செயலியாக இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கில் எஸ்எம்எஸ் உண்டா என்றும் பாருங்கள், டேட்டா மட்டும் தரும் பேக் என்றால் இருக்காது. தேதியும் நேரமும் தானாக அமையும்படி வையுங்கள். இரண்டு சிம் இருந்தால் ஆர்சிஎஸ் பக்கத்தில் எந்த எண் காட்டுகிறது என்று கவனியுங்கள், பெரும்பாலும் வேறு எண்ணைத்தான் சரிபார்த்துக்கொண்டிருக்கும். இவை எல்லாம் சரி என்றால் கேரியர் சர்வீசஸ் என்ற கூகுள் செயலியைப் புதுப்பித்து, அதன் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்து, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பூட்லோடர் திறந்த போன் (வேறு மென்பொருள் போடுவதற்காகப் பூட்டை நீக்கியது) என்றால் மட்டும் வேறு கதை, அதில் கூகுள் ஆர்சிஎஸ்ஸை ஓடவிடாது.

அப்பாவின் பழைய போன் எங்கே? அதில் ஆர்சிஎஸ் ஆன் ஆகியிருந்ததா?

வைகைக்கரை:
சிம் விஷயம் யாரும் சொல்லவில்லை, நன்றி அண்ணே. பழைய போன் அலமாரியில் இருக்கிறது. ஆர்சிஎஸ் ஆன் ஆகியிருந்ததா என்று பார்த்துச் சொல்கிறேன்.

மலைக்கோட்டை77:
சிம்தட்டு, சரிசெய்யும் வழியெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தனை படி ஏறி அவருக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று ஒருவரும் சொல்லவில்லையே?

காவிரி_எழுத்து:
நான் சொல்கிறேன். தமிழ் கிடைக்கும்.

ஆங்கில எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் தட்டச்சு செய்த மறு கணமே அது 70 ஆகிவிடுகிறது. அந்த 70-உம் நாம் எண்ணுகிற எழுத்தல்ல, புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி இடம். "அம்மா" நமக்கு மூன்று எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் ஐந்து. "நாளை காலை பத்து மணிக்கு மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். ரேஷன் கார்டை எடுத்து வைக்கவும்." வீட்டில் சாதாரணமாக அனுப்புகிற செய்திதான். எண்ணிப் பாருங்கள், 88 வருகிறது. இரண்டு எஸ்எம்எஸ்ஸாக வெட்டி அனுப்பும், பேக்கில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ் என்ற கணக்கில் இரண்டு கழியும். கொஞ்சம் நீளமாக எழுதினால் மூன்று, நான்கு. எத்தனை பெரியவர்கள் இதனாலேயே தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பப் பழகிவிட்டார்கள்! ஆர்சிஎஸ்ஸில் இந்த வெட்டு கிடையாது. எம்எம்எஸ் கட்டணம் இல்லாமல் படமும் போகும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மலைக்கோட்டை77:
தமிழுக்காகச் சொல்வது நியாயம், அதில் எனக்கும் உங்கள் பக்கம்தான் மனசு. ஆனால் 70 எழுத்துச் சிக்கலை வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் எப்போதோ தீர்த்துவிட்டன. குரூப்பை மட்டும் விட்டு வெளியே வந்தால் போதுமே, செயலியையே எதற்கு எடுக்க வேண்டும்?

என் பெரிய பயம் வேறு. எஸ்எம்எஸ்ஸுக்கு டவர் இருந்தால் போதும். ஆர்சிஎஸ்ஸுக்கு டேட்டா வேண்டும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சார்ஜ் இறங்கும் என்று டேட்டாவை அணைத்துவைப்பார்கள். அந்த நேரத்தில் மகன் அனுப்பிய செய்தி சர்வரில் காத்துக் கிடக்கும். "போகாவிட்டால் தானாக எஸ்எம்எஸ்ஸாக அனுப்பு" என்று ஓர் அமைப்பு உண்டு என்பீர்கள். அது அனுப்புபவர் போனில் ஆன் ஆகியிருக்க வேண்டும். அப்பாவுக்கு அவசரச் செய்தி சேருமா என்பதை, அனுப்புகிறவர் எந்த அமைப்பை வைத்திருக்கிறார் என்பது தீர்மானிக்கிறது. பழைய எஸ்எம்எஸ்ஸில் இந்தக் கவலையே கிடையாது.

சிம்தட்டு:
இது உண்மையான குறை, மறுக்கமாட்டேன். கடைக்கு வரும் பெரியவர்களிடம் டேட்டாவை அணைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தினசரி டேட்டா தீர்ந்தாலும் பல பேக்குகளில் 64 கேபிபிஎஸ் வேகம் இருக்கும், எழுத்துச் செய்திக்கு அது தாராளம். வீட்டில் நான்கைந்து பேர் போனிலும் தானாக எஸ்எம்எஸ் ஆகும் அமைப்பை நீங்களே உட்கார்ந்து ஆன் செய்துகொடுங்கள். ஓடிபியைப் பற்றியும் பயம் வேண்டாம். வங்கி எஸ்எம்எஸ்ஸாக அனுப்பியது ஆர்சிஎஸ் ஆன் ஆன போனிலும் எஸ்எம்எஸ்ஸாகவே வரும்.

ஆனால் வாட்ஸ்அப் போதும் என்பதை ஏற்க முடியாது. எஸ்எம்எஸ் ஒரு கம்பெனியின் சொத்து கிடையாது. யார் போனிலிருந்தும் யார் போனுக்கும் போகும். அதன் இடத்துக்கு வருவதும் அப்படிப் பொதுவானதாக இருக்க வேண்டும் என்றுதான் மொபைல் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2016-இல் ஆர்சிஎஸ்ஸுக்கு ஒரே பொதுத் தரம் போட்டது.

மலைக்கோட்டை77:
காகிதத்தில் பொதுத் தரம். நடைமுறையில்? 2015-இல் ஜைப் என்ற நிறுவனத்தை கூகுள் வாங்கியது, இன்று பல நாடுகளில் செய்தி அதன் சர்வர் வழியாகத்தான் ஓடுகிறது. ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனி, அவ்வளவுதான். பூட்லோடர் திறந்தவனுக்குக் கிடையாது என்று நீங்களே மேலே எழுதினீர்கள். பொதுச் சேவை என்றால் அப்படி ஒருவரை வெளியே நிறுத்த முடியுமா?

ஸ்கார்பரோவாசி:
தங்கச்சி ஐபோன் வைத்திருக்கிறா என்றதால எழுதுறேன். ஐபோனில் ஆர்சிஎஸ் 2024 செப்டெம்பரில் வந்த ஐஓஎஸ் 18-இலிருந்து இருக்கிறது. அமைப்புகளில் மெசேஜஸ் பகுதிக்குள் போய் ஆன் செய்யலாம். அந்த வரியே காணவில்லை என்றால் அவவின் மொபைல் நிறுவனம் இன்னும் தரவில்லை என்று அர்த்தம். ஆன் செய்தபிறகும், இரண்டு பக்கத்து நிறுவனமும் ஆதரித்தால்தான் வேலை செய்யும். அப்பாவின் எண்ணைத் திறந்தால், எழுதும் பெட்டியில் ஆர்சிஎஸ் என்று மங்கலாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் போவது வெறும் எஸ்எம்எஸ்.

இங்கேதான் கவனம் தேவை. மேலே ஒருவர் தானாக எஸ்எம்எஸ் ஆக்கும் அமைப்பை ஆன் செய்யச் சொல்லியிருக்கிறார். உள்ளூருக்கு அது சரி. அப்பா கனடாவுக்கு அனுப்பும் செய்தியும் அப்படி மாறினால் வெளிநாட்டு எஸ்எம்எஸ் கட்டணம் விழும், உள்ளூர் பேக்கில் அது சேராது. தமிழில் நீளமாக எழுதினால் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம்.

காவிரி_எழுத்து:
பூட்டை, அதாவது செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி செய்வதைப் பற்றியும் சொல்லிவிடுங்கள், ஸ்கார்பரோவாசி. பேரன் படம் என்பதால் கேட்கிறேன்.

ஸ்கார்பரோவாசி:
இரண்டு பக்கமும் கூகுள் மெசேஜஸ் என்றால் 2021-இலிருந்து இருவருக்கிடையிலான செய்திக்கு முழுக் குறியாக்கம் உண்டு, அனுப்பும் பட்டனில் சின்னப் பூட்டு தெரியும். ஐஓஎஸ் 18 வந்தபோது ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் நடுவே அது கிடையாது. 2025 மார்ச்சில் ஜிஎஸ்எம்ஏ அதையும் தரத்தில் சேர்த்துவிட்டது, தருவோம் என்று ஆப்பிளும் சொன்னது. ஆனால் பூட்டு கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைப் படத்துக்கு நான் வாட்ஸ்அப்பைத்தான் சொல்லுவேன். அதில் அப்பா, மகள் இரண்டு பேர் மட்டும், குரூப் ஒன்றும் வேண்டாம்.

வைகைக்கரை:
நேற்று இரவு ஏழரைக்கு மேல் தானாகவே "இணைக்கப்பட்டது" என்று வந்துவிட்டது, நான் எதையும் தொடவில்லை. பழைய போனில் பார்த்தேன், ஆர்சிஎஸ் ஆன் ஆகித்தான் கிடந்தது.

தங்கையின் ஐபோனில் அப்பாவின் எண்ணுக்கு எஸ்எம்எஸ் என்றே காட்டுகிறது. ஆக, படத்துக்கு வேறு வழிதான். எனக்கும் அண்ணனுக்கும் அப்பாவோடு ஆர்சிஎஸ் வேலை செய்கிறது. மருந்துப் பட்டியலை அப்பா தமிழில் ஒரே செய்தியாக அனுப்பினார், துண்டாகாமல் வந்தது.

சிம்தட்டு:
பழைய போனை வேறு யாருக்காவது கொடுப்பதற்கு முன் அதில் ஆர்சிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். எண் புதுப் போனில் இணைந்துவிட்டதால் உங்களுக்குச் சிக்கல் வராது. ஆனால் நாளைக்கு அப்பா பட்டன் போனுக்கே திரும்புகிறேன் என்றால், அணைத்த பிறகு சிம்மைக் கழற்ற வேண்டும். மறந்து கழற்றினால், நண்பர்கள் அனுப்புவது கொஞ்ச நாள் ஆர்சிஎஸ்ஸாகவே போய் எங்கேயோ தங்கிவிடும். போன் கையில் இல்லாவிட்டால் கூகுளின் இணையப் பக்கத்தில் எண்ணைக் கொடுத்து, வரும் குறியீட்டைப் போட்டு நீக்கலாம்.

மலைக்கோட்டை77:
வேலை செய்வதில் சந்தோஷம். நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, என் அம்மா போனில் அது அணைந்தேதான் இருக்கும். ஆர்சிஎஸ் விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் நீலக் குறியைப் பெரியவர்கள் "அரசாங்கம் ஒப்புக்கொண்டது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அனுப்பிய நிறுவனம் தன் அடையாளத்தைக் காட்டிப் பதிந்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. அவர்கள் தரும் கடன் நல்ல கடனா, நாம் கேட்டோமா என்பதெல்லாம் அதில் வராது. அப்பாவிடம் இதை ஒருமுறை உட்கார்ந்து சொல்லுங்கள். விளம்பரம் வந்தால் அழிப்பதோடு விடாமல், மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு பிளாக் செய்து, ஸ்பாம் என்று ரிப்போர்ட்டும் செய்யச் சொல்லுங்கள். வெறும் டெலீட் செய்தால் அடுத்த வாரம் அதே நிறுவனம் மறுபடி வரும்.

வைகைக்கரை:
சரி சார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது அவர் கையாலேயே ஒன்றை பிளாக் செய்யவைத்துக் காட்டுகிறேன். இதற்குள் ஒரு தங்க நகைக் கடன் விளம்பரம் வந்தும் விட்டது.