பழைய பல்ப் (pulp, அந்தக் கால மலிவுப் பத்திரிகைக் கதை) வில்லனை நம் கதைக்கு எடுப்பது திருட்டா?

அரைகுறை_அத்தியாயம்:
ஃபேண்டஸி நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், நாலாவது அத்தியாயத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மந்திரவாதி வில்லன். எழுதியதைத் திரும்பப் படித்தால் ராபர்ட் இ. ஹோவர்டின் தோத்-அமோன் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறான், பாம்பு மோதிரம் உட்பட! கோனன் என்கிற காட்டு வீரனை வைத்து ஹோவர்ட் எழுதி, 1932-இல் வந்த முதல் கதையின் ஆள். இதைத் திருட்டு என்பீர்களா? இல்லை எல்லாரும் செய்வதுதானா?

பழையபேப்பர்:
எல்லாரும் செய்வதுதான், ஆனால் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். மைக்கேல் மூர்காக்கின் ஃபேண்டஸி நாயகன் எல்ரிக் 1961-இல் வந்தான். வெளிறிய தோல், சிவந்த கண்கள், தீராத சலிப்பு. எங்கிருந்து வந்தான் என்றால், செக்ஸ்டன் பிளேக் துப்பறியும் கதைகளில் ஆண்டனி ஸ்கீன் எழுதிய ஜெனித் என்ற திருடனிடமிருந்து. அவனும் அல்பினோ (பிறவியிலேயே நிறமில்லாமல் வெளிறியவன்), ராத்திரி விருந்துக்குப் போகிறவன் மாதிரி கோட்டு சூட்டு, கையில் அபின் சிகரெட். மூர்காக் இதை மறைக்கவே இல்லை, வெளிப்படையாகச் சொன்னவர். ஆனால் லண்டன் திருடனைத் தூக்கி ஓர் அழிந்துபோகும் பேரரசின் சக்கரவர்த்தியாக்கி, நோஞ்சான் உடம்பைக் கொடுத்து, அந்த உடம்புக்குத் தெம்பு தர உயிர்களைக் குடிக்கும் கருப்பு வாளையும் கையில் கொடுத்தார். முதல் கதையிலேயே அந்த வாள் அவன் காதலி சிமோரிலின் உயிரைக் குடித்துவிடுகிறது. அபின் சிகரெட்டில் ஆரம்பித்தது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

மூணாம்_வாசிப்பு:
ஜி, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் மோதிரத்தை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கதையை இன்னொரு தடவை படியுங்கள். அதில் தோத்-அமோன் மந்திரச் சக்கரவர்த்தியெல்லாம் இல்லை, மோதிரம் தொலைந்துபோய் ஒரு சதிகாரனுக்கு அடிமையாக எடுபிடி வேலை பார்க்கிறவன். டியோன் என்கிற பருத்த பிரபு பயத்தில் உளறிக்கொண்டே, ஒரு திருடனிடம் வாங்கினேன் என்று பேச்சுவாக்கில் அதே மோதிரத்தை எடுத்துக் காட்டுகிறான். மூன்று சுற்றாகச் சுருண்ட பாம்பு, மஞ்சள் கல் கண்கள். அடுத்த நிமிடம் டியோன் பிணம். அவ்வளவு நாள் விழுங்கிய அவமானம் அங்கேதான் வெடிக்கிறது. இத்தனைக்கும் அந்தக் கதையில் அவனும் கோனனும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை.

டீக்கடை_விமர்சகர்:
அப்புறம் ஒன்று. அந்தக் கால வில்லன்களை எடுத்தால் கூடவே வரும் அழுக்கையும் கவனியுங்கள். சாக்ஸ் ரோமர் எழுதிய நாவல்களின் வில்லன் ஃபூ மாஞ்சு முழுக்க முழுக்க சீனர் மீதான பயத்தை வைத்துச் செய்த ஆள். 1973-இல் மார்வெல் காமிக்ஸ் ஷாங்-சி என்ற நாயகனை உருவாக்கியபோது ஃபூ மாஞ்சுவையே அவனுக்கு அப்பாவாக வைத்தார்கள். 2021 படத்துக்கு வரும்போது அந்தப் பெயர் இல்லை, மீசை இல்லை, செத்த மனைவி கூப்பிடுகிறாள் என்று நம்பி ஊரையே அழிக்கக் கிளம்பும் வென்வு ஆகிவிட்டான் அப்பா. எனக்கு மகனைவிட அவனைத்தான் பிடித்தது, டோனி லியுங் நடிப்பும் ஒரு காரணம்.

அரைகுறை_அத்தியாயம்:
டியோன் காட்சி சுத்தமாக மறந்துபோயிருந்தது, நன்றி. மோதிரத்தைத் தூக்கிவிட்டேன். என் மந்திரவாதி இப்போது அரண்மனைச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிறான், யாரிடம் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.