பாலின அடையாளம் பற்றி கவுன்சலிங் போகணும், அம்மா பிடி கொடுக்க மாட்டேங்கிறாங்க. எப்படிக் கேட்பது?

இளவேனில்:
வயசு 16. பாலின அடையாளம் சம்பந்தமா ஒரு தெரபிஸ்ட்கிட்ட பேசணும். அம்மாகிட்ட லேசா சொன்னப்ப, "வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்"னு முடிச்சிட்டாங்க. திட்டலை. ஆனா பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடறாங்க. மறுபடி எப்படி ஆரம்பிக்கிறது? அங்கே நான் சொல்றதெல்லாம் அம்மா காதுக்குப் போயிடுமா?

தென்றல்:
எழுந்து போறவங்களுக்கு கடிதம்தான் சரி. பாதியில நிறுத்தவும் முடியும், தனியா உட்கார்ந்து திரும்பப் படிக்கவும் முடியும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஏறக்குறைய இப்படி:

"அம்மா, நான் ஆணா பொண்ணாங்கிற கேள்வி ரொம்ப நாளா மனசை அரிக்குது. ராத்திரி தூக்கம் வரலை, படிக்க உட்கார்ந்தா மனசு நிக்கலை. நீங்க இப்பவே எதையும் ஒத்துக்க வேண்டாம். விவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. நீங்களும் கூட வாங்க. ஞாயித்துக்கிழமை இதைப் பத்திப் பேசலாமா?"

தூக்கம், படிப்பு எல்லாம் உண்மையா இருந்தா மட்டும் எழுதுங்க. உங்களுக்கு எது பாதிக்குதோ அதைச் சொல்லுங்க. பல பேருக்கு காரியம் கெடுறது எங்கேன்னா, புதுப் பேரு, உடை, ஹார்மோன், சொந்தக்காரங்ககிட்ட சொல்றது எல்லாத்தையும் ஒரே மூச்சில் கேட்கிறதுலதான். அதுல எது பெருசோ அதுக்குத்தான் பதில் வரும், "முடியாது"ன்னு. சண்டைக்கு நடுவுலயும், பரீட்சை முடிவு வந்த அன்னைக்கும் கொடுக்காதீங்க. கொடுத்தப்புறம் நீங்க சொன்ன நாள் வரைக்கும் "படிச்சீங்களா"ன்னு கேட்காதீங்க.

கதிர்:
"வயசுக் கோளாறு" என்பதை எதிர்த்து வாதாடாதீர்கள். "அப்படியே இருக்கட்டும்மா, அதையும் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லட்டும்" என்றால் பேச்சு அறுந்துபோகாது.

அந்த மறுப்புக்கு அடியில் இரண்டு பயம் இருக்கலாம். ஒன்று, போனதும் மருந்து கொடுத்து மாற்றிவிடுவார்கள் என்பது. தெரபி என்பது பேச்சு. முதல் சந்திப்பில் பெரும்பாலும் தூக்கம், படிப்பு, வீடு, நண்பர்கள், இந்த எண்ணம் எப்போதிலிருந்து என்றுதான் கேட்பார்கள். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி 'ஜெண்டர் டிஸ்ஃபோரியா' (பிறப்பில் குறித்த பாலினமும் மனதில் உணரும் பாலினமும் ஒத்துப்போகாததால் வரும் வேதனை) என்று கண்டறியவே குறைந்தது 6 மாதமாவது அந்த நிலை நீடித்திருக்க வேண்டும். இன்னொன்று, பிள்ளைக்கு மனநோய் என்று முத்திரை விழுந்துவிடுமோ என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் பாலின அடையாளம் சார்ந்த இந்த நிலை மனநோய்ப் பிரிவிலேயே இல்லை. பாலியல் நலம் சார்ந்த நிலைகளுக்கான பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு இதை நிதானமாகச் சொல்லுங்கள். பத்து வீடியோ லிங்க் அனுப்பினால், "நெட்டைப் பார்த்துக் கெட்டுப்போச்சு" என்ற நினைப்புதான் உறுதிப்படும்.

இளவேனில்:
நன்றி. முதல்ல அம்மா மட்டும் தனியா போய்ப் பேசினா பரவாயில்லையா?

மருதாணி:
தாராளமா. தயங்குற பெற்றோருக்கு அது நல்ல வழி, அவங்க பயத்தை உங்க முன்னாடி சொல்ல வேண்டியதில்லை பாருங்க. ஆனா ஆளைத் தேர்ந்தெடுக்கிறதுல நீங்களும் இருங்க, அதுதான் ரொம்ப முக்கியம். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே போன்ல கேட்கலாம்: "பதின்ம வயசுப் பிள்ளைகளோட பாலின அடையாளம் பத்திப் பேசின அனுபவம் இருக்கா? எந்த முடிவுக்கு வரணும்னு நீங்களே வச்சிருப்பீங்களா, பிள்ளை போக்குல போவீங்களா?" "கவலைப்படாதீங்க, மாத்திக் காட்டறேன்"னு சொன்னா அங்கே போகாதீங்க. அது பிள்ளையோட பாலின உணர்வையே மாத்தப் பார்க்கிற கன்வர்ஷன் தெரபி. அது பலிக்காது, பிள்ளைகளுக்குக் கெடுதல்னு மனநல மருத்துவ அமைப்புகள் பலதும் தெளிவாச் சொல்லியிருக்கு.

ரகசியம் பத்தி முதல் நாளே, அம்மா பக்கத்துல இருக்கும்போதே கேட்டுடுங்க: "எதை அம்மாகிட்ட சொல்வீங்க, எதைச் சொல்ல மாட்டீங்க?" 18 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு விதி இடத்துக்கு இடம் மாறும். உயிருக்கு ஆபத்து, யாராவது துன்புறுத்துறாங்க, இந்த மாதிரி விஷயத்தை மறைக்க மாட்டாங்க. மத்ததை உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றதுதான் நல்ல தெரபிஸ்டோட வழக்கம்.

அம்மா ஒத்துக்கிற வரைக்கும் பள்ளிக்கூட கவுன்சலர்கிட்ட பேசலாம். அவங்க வீட்டுக்குச் சொல்வாங்களான்னு முதல்லயே கேட்டுக்கங்க.

தென்றல்:
ஒண்ணு விட்டுப்போச்சு. விஷயம் தெரிஞ்சா வீட்ல யாராவது கை ஓங்குவாங்க, வெளியே அனுப்பிடுவாங்கன்னு தோணினா கடிதத்துல பாலினம் பத்தி எழுதவே வேண்டாம். "மனசு சரியில்லை, தூக்கம் இல்லை"ன்னு மட்டும் கேளுங்க, மீதியைத் தெரபிஸ்ட்கிட்ட தனியா சொல்லிக்கலாம். செத்துடலாம்ங்கிற மாதிரி எண்ணம் வந்தா அம்மா சம்மதத்துக்குக் காத்திருக்காதீங்க. அன்னைக்கே ஹெல்ப்லைனுக்கோ நம்பிக்கையான பெரியவங்களுக்கோ போன் பண்ணிடுங்க.