புதுப்பிப்பு: டிக்கன்ஸின் பாதியில் நின்ற தொடர்

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் 'எட்வின் ட்ரூட்' நாவல் மாதம் ஒன்றாக 12 பகுதிகளாகத் திட்டமிடப்பட்டு ஆறோடு நின்றதைப் போன பதிவில் சொல்லியிருந்தேன். "அவருடைய திடீர் மரணம்தானே காரணம்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1869 ஏப்ரலிலேயே, ஊர் ஊராகப் போய் மேடையில் கதை வாசித்து உடல் தளர்ந்து, மருத்துவர்கள் பயணத்தை நிறுத்தவைத்தார்கள். அப்புறமும் 1870 ஜனவரி முதல் மார்ச் வரை லண்டனில் 12 வாசிப்புகள்! மருத்துவர் பக்கத்திலேயே நாடி பார்த்துக்கொண்டிருப்பார். தன் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் வரும் நான்சியின் கொலைக் காட்சியை வாசித்தால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிடும். நினைத்தாலே மனசு கனக்கிறது. ஏப்ரலில் தொடர் தொடங்கியது. ஜூன் 8 பகலெல்லாம் எழுதினார், மாலை உணவு வேளையில் பக்கவாதம், மறுநாள் காலமானார். வயது 58.